தொட்டி சிறிதானால் மீனும் சிறிதாகுமா?

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

"தொட்டி எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் மீன் வளரும். பயப்படாம கொண்டு போங்க."

அலங்கார மீன் விற்கும் கடைகளுக்குச் சென்றவர்கள் இந்த வார்த்தையைக் கேட்காமல் திரும்பியிருப்பது அரிது. பெருநாட் காசைக் கையில் வைத்துக்கொண்டு வாப்பாவுடன் கடைக்குப் போகும் தம்பிமாரும் தங்கைமாரும் இதை நம்பித்தான் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தையும் அதற்குள் மூன்று தங்கமீன்களையும் வாங்கி வருகின்றனர். சில கிழமைகளில் ஒரு மீன் மேலே மிதக்கும். பிறகு இன்னொன்று. "மீனுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். அடுத்த பெருநாளைக்குப் புதிய மீன்கள் அதே கிண்ணத்துக்கு வரும்.

கடைக்காரரின் கூற்று உண்மையானால் இதில் பிழையேதும் இல்லை. பொய்யானால், நம் வீட்டு மேசையின் மீது ஓர் உயிர் மெல்ல மெல்லத் துன்புறுவதை அழகுப் பொருளாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். எனவே இதனைச் சரியாக அறிந்துகொள்வது அவசியம். தொட்டியின் அளவு மீனின் வளர்ச்சியைப் பாதிக்கிறதா? பாதித்தால் எவ்வழியில்? சிறிதாகவே இருந்துவிட்ட மீன் நலமாக இருக்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் உயர்தர உயிரியலில் நாம் கற்பவற்றைக் கொண்டே பெரும்பாலும் விடை காணலாம்.

மீன் எவ்வாறு வளர்கிறது?

மனிதரின் உயர வளர்ச்சி கட்டிளமைப் பருவத்தின் முடிவில் நின்றுவிடுகிறது. நீண்ட என்புகளின் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் என்பாக மாறிவிடுவதே அதற்குக் காரணம். பெரும்பாலான மீன்கள் அப்படியல்ல. வயது கூடக்கூட வேகம் குறைந்தாலும் அவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. இதனை வரையறையற்ற வளர்ச்சி என்பர்.

வரையறையற்றது என்பதால் எல்லையே இல்லை என்று கருதிவிடக் கூடாது. ஒவ்வோர் இனமும் அடையக்கூடிய பருமனை அதன் பரம்பரையலகுகள் பெருமளவில் தீர்மானிக்கின்றன. கப்பி மீனின் பெண் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் வளரும். ஆண் அதைவிடச் சிறியது. நியோன் டெட்ரா 4 சென்ரிமீற்றரைத் தாண்டுவது அரிது. தங்கமீனோ 30 சென்ரிமீற்றருக்கும் மேல் வளரக்கூடியது. ஒஸ்கார் மீனும் அவ்வாறே. தொட்டியில் பாசி தின்பதற்கென்று விரலளவில் வாங்கும் 'டேங்க் கிளீனர்' 40 சென்ரிமீற்றரையும் தாண்டும்.

இதிலிருந்து முதல் முடிவுக்கு வரலாம். நியோன் டெட்ராவை ஒரு குளம் நிறைந்த நீரில் விட்டாலும் அது ஒரு சாண் நீளத்துக்கு வளராது. ஆகவே "பெரிய தொட்டி என்றால் பெரிய மீன்" என்ற பாதி பிழையானது. பெரிய தொட்டி, மீன் தன் இனத்துக்குரிய இயல்பான பருமனை அடைய இடமளிக்கிறது. அதற்கு மேல் எதையும் கொடுப்பதில்லை.

"சிறிய தொட்டி என்றால் சிறிய மீன்" என்ற மற்றப் பாதியில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. கிண்ணத்தில் வளரும் தங்கமீன்கள் ஆண்டுகள் சென்றாலும் விரல் நீளத்திலேயே நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அதே இனம் திறந்த நீர்நிலையில் எவ்வளவு வளரும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் கிடைத்த சான்று ஒன்று உண்டு. அங்குள்ள பேர்ன்ஸ்வில் நகரின் ஏரியொன்றில் 2021ஆம் ஆண்டு உதைபந்து அளவிலான தங்கமீன்கள் பிடிபட்டன. வீட்டுத் தொட்டிகளிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்களின் விளைவே அது என்பதால், வளர்ப்பு மீன்களை ஏரிகளில் விட வேண்டாமென்று நகர நிருவாகம் மக்களை வேண்டிக்கொண்டது. கிண்ணத்தில் விரலளவும் ஏரியில் உதைபந்தளவுமாக இருப்பது ஒரே இனந்தான்.

அப்படியானால் கிண்ணத்தில் வளர்ச்சியைத் தடுப்பது எது? கண்ணாடிச் சுவரை அளந்து பார்த்துத் தன் உடலை நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் மீனுக்கு இல்லை. விடை அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் நீரில் இருக்கிறது.

கழிவு சேரும் நீர்

புரதங்களின் அனுசேபத்தில் உண்டாகும் நைத்திரசன் கழிவை நாம் யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் அகற்றுகிறோம். என்புமீன்கள் பெரும்பாலும் அமோனியாவாகவே வெளியேற்றுகின்றன. அதுவும் பெரும்பகுதி பூக்களினூடாக, அதாவது செவுள்களினூடாக, நேரே நீருக்குள் பரவுகிறது. ஆற்றிலோ குளத்திலோ இதனால் இடரில்லை. கழிவு உடனே ஐதாகிவிடும். தொட்டியில் அது போவதற்கு இடமில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தொட்டியின் கனவளவு 54 லீற்றர். கடைகளில் விற்கும் கிண்ணம் ஒன்றில் சுமார் 4 லீற்றர் நீர் கொள்ளும் என வைத்துக்கொள்வோம். ஒரே பருமனுள்ள இரு மீன்களுக்கு ஒரே அளவு உணவிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு அமோனியாவையே வெளிவிடும். ஆனால் கிண்ணத்து நீரில் அதன் செறிவு தொட்டியில் இருப்பதைப் போல பதின்மூன்றரை மடங்காகும். வடிகட்டி எதுவும் இல்லாதபோது கிண்ணம் ஒரே நாளில் எட்டும் நிலையைத் தொட்டி எட்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும்.

நீரில் அமோனியா இரு வடிவங்களில் காணப்படும். ஒன்று அமோனியா மூலக்கூறு. மற்றது அமோனியம் அயன். மூலக்கூறு பூக்களின் மென்சவ்வை எளிதில் கடந்து குருதிக்குள் நுழைவதால் அதுவே அதிக நச்சுத்தன்மை உடையது. நீரின் பீ.எச். பெறுமானம் 7இலிருந்து 8க்கு உயர்ந்தால் இந்த நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பநிலை கூடும்போதும் அது கூடுகிறது. நமது நாட்டின் வெப்பத்தில் இதனை மறந்துவிடலாகாது.

இயற்கை இதற்கு ஒரு தீர்வை வைத்திருக்கிறது. நைத்திரோசோமோனாஸ் போன்ற பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாக ஒட்சியேற்றுகின்றன. நைத்திரோஸ்பைரா போன்றவை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. நாம் வகுப்பில் படித்த நைத்திரசன் வட்டத்தின் ஒரு பகுதிதான் இது. நடுவில் தோன்றும் நைத்திரைற்றும் தீங்கானதே. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை மெதமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. மெதமோகுளோபினால் ஒட்சிசனைக் காவ முடியாது. நீரில் ஒட்சிசன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறுவது இதனாலேயே. முடிவில் உருவாகும் நைத்திரேற்று ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தது. தாவரங்கள் அதனை உள்ளெடுக்கும்; எஞ்சியதை நீர் மாற்றி அகற்றலாம்.

இந்தப் பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் தொட்டியின் மணலிலும் கற்களிலும் ஒட்டி வாழ்பவை. அவை போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை தேவைப்படும். வடிகட்டியும் மணலும் இல்லாத கிண்ணத்தில் அவை எங்கே தங்கும்? "நேற்றுத்தான் புதிதாகத் தண்ணீர் ஊற்றினேன், இன்று மீன் செத்துவிட்டது" என்று பலர் வியப்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. கிண்ணத்தை முழுதாகக் கழுவி நீரை முழுதாக மாற்றும்போது இருந்த சிறிதளவு பற்றீரியாவும் போய்விடுகிறது. குழாய் நீரிலுள்ள குளோரின் பூக்களையும் தாக்குகிறது.

இந்தச் சமநிலையை மனிதர் விளங்கிக்கொண்டது நீண்ட காலத்துக்கு முன்பல்ல. ரொபேட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய இரசாயனவியலாளர், 12 கலன் கொள்ளளவுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு சிறிய தங்கமீன்களையும் வலிசினேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் வைத்து ஆராய்ந்து, தமது முடிவுகளை 1850இல் வெளியிட்டார். அழுகும் இலைகள் நீரைக் கெடுப்பதைக் கண்ட அவர் அவற்றைத் தின்பதற்கு நத்தைகளையும் சேர்த்தார். மூன்றாண்டுகள் கழித்து, 1853இல், இலண்டன் விலங்கினச் சாலையில் உலகின் முதலாவது பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. வாரிங்டனின் பாத்திரம் 54 லீற்றருக்குச் சற்று அதிகமான கொள்ளளவு உடையது. அதில் அவர் விட்டவை இரண்டே சிறிய மீன்கள் என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

மூச்சுக்கு ஒட்சிசன்

கரைந்த ஒட்சிசன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பினூடாகவே உள்ளே வருகிறது. எனவே கனவளவு மட்டுமன்றி, வளியைத் தொடும் பரப்பும் முக்கியமானது.

கோள வடிவக் கிண்ணத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விட்டம் 20 சென்ரிமீற்றர் என்க. பாதிவரை நீர் ஊற்றினால் மேற்பரப்பு 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வட்டம்; பரப்பளவு ஏறத்தாழ 314 சதுர சென்ரிமீற்றர். அழகாக இருக்கட்டும் என்று உச்சிக்கு 2 சென்ரிமீற்றர் கீழ்வரை ஊற்றினால், பைதகரசின் தேற்றப்படி அந்த வட்டத்தின் ஆரை 6 சென்ரிமீற்றராகக் குறையும். பரப்பளவு 113 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. நீர் இரட்டிப்பாகும்போது மூச்சுக்கான பரப்போ ஏறத்தாழ மூன்றிலொன்றாகச் சுருங்கிவிடுகிறது. 60 சென்ரிமீற்றர் நீளத் தொட்டியில் எவ்வளவு நீர் ஊற்றினாலும் பரப்பளவு 1800 சதுர சென்ரிமீற்றர். கோளக் கிண்ணம் பார்வைக்கு அழகாயினும் மீனின் மூச்சுக்கு மிகப் பொருந்தாத வடிவம் என்பதைக் கணிதமே காட்டிவிடுகிறது.

வெப்பநிலையும் இங்கே குறுக்கிடுகிறது. 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கக்கூடியது. 30 பாகையில் அது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. மீன் மாறும் வெப்பநிலை விலங்காதலால் நீர் சூடாகும்போது அதன் அனுசேபமும் விரைவடைந்து ஒட்சிசன் தேவை கூடுகிறது. வழங்கல் குறையும் அதே வேளையில் தேவை கூடுகிறது. சிறிய பாத்திரத்து நீர் விரைவாகச் சூடேறி விரைவாகக் குளிர்வதால் இந்த இடர் அங்கே ஒவ்வொரு நாளும் நேர்கிறது.

இதனை மீன் ஒன்றையும் வருத்தாமல் நாமே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாடியில் 2 லீற்றரும் ஒரு பெரிய வாளியில் 20 லீற்றரும் நீர் எடுத்து, யன்னலோரம் அருகருகே வையுங்கள். ஒரு கிழமைக்குக் காலை ஆறு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் வெப்பமானியால் அளந்து வரைபில் குறியுங்கள். சாடியின் கோடு ஏறி இறங்குவதையும் வாளியின் கோடு அமைதியாகச் செல்வதையும் காண்பீர்கள்.

அளவா, நீரா?

இங்கே சிந்திக்கும் மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்கலாம். "மீன் பண்ணைகளில் ஒரே தாங்கியில் ஏராளமான மீன்களை நெருக்கமாக வளர்க்கிறார்களே! அவை நன்றாக வளர்ந்து சந்தைக்கு வருகின்றனவே!"

கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தாங்கிகளில் நீர் தொடர்ந்து பாய்ந்து மாறுகிறது அல்லது பெரிய வடிகட்டிகளால் சுத்தமாக்கப்படுகிறது. வளி ஊட்டப்படுகிறது, உணவு அளந்து இடப்படுகிறது. இடம் நெருக்கமாக இருந்தும் வளர்ச்சி தொடர்வதற்குக் காரணம் நீர் கெடாமல் இருப்பதே. எனவே தொட்டியின் அளவு வளர்ச்சியைப் பாதிப்பது பெரும்பாலும் நேரடியாக அல்ல. நீரின் தரத்தின் வழியாகவே என்ற இரண்டாவது முடிவுக்கு வருகிறோம்.

நெருக்கத்துக்கும் தனிப் பங்கொன்று உண்டு. இடம் போதாதபோது வலிய மீன் மெலிந்ததை விரட்டும். விரட்டப்பட்ட மீனுக்கு உணவு சரியாகக் கிடைக்காது. ஒளிவதற்கும் இடமில்லாததால் அது ஓயாத தகைப்பில் இருக்கும். தகைப்பின்போது மீனின் குருதியில் கோட்டிசோல் என்ற ஓமோன் அதிகரிக்கிறது. சிறிது நேரத்துக்கு அது உதவியானது; நாட்கணக்கில் நீடித்தால் பசி குறையும், வளர்ச்சிக்குச் செல்ல வேண்டிய சக்தி வேறு வழியில் செலவாகும், நோயெதிர்ப்பாற்றலும் தளரும். வெண்புள்ளி நோயும் செட்டை அழுகலும் நெருக்கமான தொட்டிகளில் அடிக்கடி தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே, கிண்ணத்து மீன் சிறிதாக இருப்பதை 'இடத்துக்கு ஏற்றபடி தன்னை அமைத்துக்கொண்டது' என்று சொல்வது பொருந்தாது. சிகிச்சை நிலையத்தில் ஒரு குழந்தையின் நிறை வளர்ச்சிக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், "வீடு சின்னது, அதனால் பிள்ளை அளவாக வளர்கிறது" என்று குடும்பநல உத்தியோகத்தர் தாயிடம் சொல்வாரா? உணவென்ன, நோயென்ன என்றுதானே விசாரிப்பார்? மீனின் வளர்ச்சி குன்றுவதும் அத்தகைய ஓர் அறிகுறியே.

மறுபுறம், சிலர் சொல்லும் மிகைக்கூற்றையும் ஏற்கத் தேவையில்லை. மீனின் வெளியுடல் நின்றுவிட, உள்ளுறுப்புகள் மட்டும் வளர்ந்து வெடித்துவிடும் என்பார்கள். இதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை. உண்மையாக நடப்பதே போதிய அளவு வருந்தத்தக்கது.

உயிரோடிருப்பதும் நலமாயிருப்பதும்

"எங்கள் வீட்டு மீன் சின்னக் கிண்ணத்தில் மூன்று வருடமாக உயிரோடுதான் இருக்கிறது" என்று கூறுவோர் உண்டு. தங்கமீன் மிகத் தாக்குப்பிடிக்கும் உயிரி. நீரில் ஒட்சிசன் அற்றுப்போனாலும் சில காலம் உயிர்வாழக்கூடியது. காற்றின்றிய சுவாசத்தில் உண்டாகும் விளைவை எதனோலாக மாற்றிப் பூக்களினூடாக வெளியேற்றும் அரிய ஆற்றல் அதற்கு உண்டு. இங்கிலாந்தில் வாழ்ந்த 'டிஷ்' என்ற தங்கமீன் 43 ஆண்டுகள் உயிர்வாழ்ந்து 1999இல் இறந்தது. அத்தனை நீண்ட ஆயுள் சாத்தியமான ஓர் இனத்துக்கு மூன்று வருடம் எந்த வகையில் சாதனையாகும்?

மீனுக்கு வலி தெரியுமா என்பதே நெடுங்காலம் விவாதமாக இருந்தது. 2003இல் லின் ஸ்னெடன் என்ற விஞ்ஞானியும் அவரது சகபாடிகளும் வானவில் ட்ரவுட் மீனின் முகப்பகுதியில் வலியுணர் வாங்கிகள் இருப்பதைக் காட்டினர். உதட்டில் அசற்றிக் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் உணவை நாடாமல், உதட்டைத் தொட்டியின் சரளைக்கற்களில் தேய்த்தன. அதன் பின்னர் மீன்களின் நலனைப் பற்றிய ஆய்வுகள் பெருகின.

தொட்டியின் அளவையே நேரடியாக ஆராய்ந்தவர் அமெரிக்க உயிரியலாளர் ரொனல்ட் ஓல்ட்ஃபீல்ட். நிக்கரகுவா நாட்டு ஏரிகளைத் தாயகமாகக் கொண்ட மைடாஸ் சிக்லிட் மீன்களின் சண்டையிடும் நடத்தையை அவர் கவனித்து 2011இல் வெளியிட்டார். தொட்டியைச் சற்றே பெரிதாக்குவதால் பயனேதும் ஏற்படவில்லை. மிகப் பெரியதும், ஒளிவிடங்கள் முதலியன நிறைந்ததுமான சூழலிலேயே சண்டை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. 'சின்னக் கிண்ணத்துக்குப் பதிலாகச் சற்றுப் பெரிய கிண்ணம்' என்ற நமது வழமையான சமாதானம் இங்கே பொய்த்துவிடுகிறது.

சட்டங்களும் இதனைக் கருத்திற் கொள்ளத் தொடங்கியுள்ளன. இத்தாலியின் மொன்சா நகரம் 2004இலும் தலைநகர் ரோம் 2005இலும் உருண்டைக் கிண்ணங்களில் மீன் வளர்ப்பதைத் தடை செய்தன.

பைற்றர் மீன் தனியாகக் குறிப்பிட வேண்டியது. வெற்றுப் போத்தலிலும் ஜாம் போத்தலிலும் அதை அடைத்து விற்கின்றனர். வளியை நேரே சுவாசிக்கும் துணையுறுப்பு அதற்கு இருப்பது உண்மையே. அது தீர்ப்பது ஒட்சிசன் பிரச்சினையை மட்டுமே. அமோனியா அங்கேயும் சேரும். வெப்பநிலை அங்கேயும் ஏறி இறங்கும். தாய்லாந்தின் வயல்களிலும் சதுப்பு நிலங்களிலும் அது வாழும் நீர் ஆழம் குறைந்ததுதான், ஆனால் பரந்தது. ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் சண்டையிடும் என்பதும் சரியே. அதற்குத் தேவை தனித் தொட்டி; போத்தல் அல்ல.

அங்குலக் கணக்கின் குறை

'ஒரு கலன் நீருக்கு ஓர் அங்குல மீன்' என்பது வளர்ப்போரிடையே வழங்கும் பழைய விதி. கேட்பதற்கு எளிது; ஆனால் ஆபத்தானது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் அதன் அகலமும் உயரமும் கூடவே இரண்டு மடங்காகும். ஆகவே அதன் திணிவு ஏறத்தாழ எட்டு மடங்காகிறது. நீளம் பத்து மடங்கானால் திணிவு ஆயிரம் மடங்கு. விதியின்படி பத்துக் கலன் நீரில் ஓரங்குல நியோன் பத்தும் விடலாம். பத்தங்குல ஒஸ்கார் ஒன்றும் விடலாம். அந்த ஒஸ்கார் பத்து நியோன்களைச் சேர்த்தது போல ஏறத்தாழ நூறு மடங்கு திணிவுள்ளது. அது உண்பதும் கழிப்பதும் அதற்கேற்பவே இருக்கும். அன்றியும், அத்தொட்டியில் அதனால் ஒழுங்காகத் திரும்பக்கூட இயலாது.

தொட்டியில் அடங்காத மீன் எங்கே போகிறது?

இக்கேள்வி வீட்டுக்குள் முடிவதில்லை. 'தொட்டிக்கு ஏற்ப வளரும்' என்று நம்பி வாங்கிய மீன் வளர்ந்து அடங்காமற் போகும்போது, இரக்கங்கொண்ட மனிதர் அதை அருகிலுள்ள ஓடையிலோ குளத்திலோ விட்டுவிடுகின்றனர். நமது நாட்டின் நீர்த்தேக்கங்களில் இன்று டேங்க் கிளீனர் மீன்கள் வலைகளில் சிக்கி மீனவரை வருத்துகின்றன. அலங்கார மீனாக இறக்குமதியான கத்தி மீன் மேல் மாகாண நீர்நிலைகளில் பரவிச் சிறு மீன்களை உண்டு வருகிறது. இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் வந்த அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள்.

உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத மீன்கள் நமது ஈரவலய ஓடைகளில் உண்டு. சிங்களத்தில் 'லே தித்தயா' எனப்படும் செந்நிறச் சிறு மீனும் 'புலத் ஹப்பயா' எனப்படும் கருஞ்சிவப்பு மீனும் அவற்றுட் சில. லே தித்தயாவை 1929இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் இலங்கை விஞ்ஞானி பி. ஈ. பி. தெரணியகல. ஐந்து சென்ரிமீற்றர் அளவே வளரும் இவை, நாம் இரக்கத்தால் விடும் ஒரு பெரிய மீனுக்கு ஒருநாள் உணவாகலாம். தொட்டியைத் தெரிவு செய்யும்போது செய்யும் சிறு பிழை ஓர் ஓடையின் உயிர்ப்பல்வகைமை வரை நீள்கிறது.

நமது பொறுப்பு

உயிர்களை வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அனஸ் (ரழி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறு பறவையொன்றை வளர்த்தபோது நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்காமல், அப்பிள்ளையிடம் அன்போடு விசாரித்தார்கள். அதேவேளை, பூனையொன்றை அடைத்துவைத்து உணவும் கொடாமல், தானே தேடி உண்ணவும் விடாமல் சாகடித்த பெண் தண்டிக்கப்பட்டதையும் நபியவர்கள் அறிவித்துள்ளார்கள். அடைத்து வைத்தவர், அடைக்கப்பட்ட உயிரின் தேவைகளுக்குப் பொறுப்பாளியாகிறார் என்பதே இவ்விரண்டிலிருந்தும் நாம் பெறும் பாடம். பூனைக்கு உணவு எப்படியோ மீனுக்கு நீர் அப்படி.

பெரிய கண்ணாடித் தொட்டி வாங்க எல்லோருக்கும் வசதி இருப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் அழகான கிண்ணத்தைவிட முற்றத்து நிழலில் வைத்த ஒரு சீமெந்துத் தொட்டியோ 60 லீற்றர் பிளாஸ்திக் தொட்டியோ மீனுக்கு மேலானது. வலை போட்டு மூடி, சில நீர்த்தாவரங்கள் இட்டு, நாலைந்து கப்பிகளை அதில் வளர்க்கலாம். அவை நுளம்புக் குடம்பிகளையும் தின்னும்.

மீன் வளர்க்க விரும்பும் தோழியருக்குச் சில குறிப்புகள்:

1. கடையில் இருக்கும் பருமனைப் பாராமல், முழு வளர்ச்சியில் எவ்வளவு இருக்கும் என்பதைக் கேட்டறிந்து வாங்குங்கள். தங்கமீன், ஒஸ்கார், டேங்க் கிளீனர் ஆகியன சிறு தொட்டிக்கு உரியவையல்ல.

2. உயரமும் ஒடுக்கமுமான தொட்டியைவிட நீளமும் அகலமுமான தொட்டியைத் தெரிவு செய்யுங்கள். தொட்டியின் அகலம் மீனின் முழு நீளத்தைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும்.

3. வடிகட்டியை இயக்கிச் சில கிழமைகள் கழித்தே மீன்களைச் சிறிது சிறிதாக விடுங்கள்.

4. கிழமைக்கொரு முறை நீரில் நான்கிலொரு பங்கை மட்டும் மாற்றுங்கள். குழாய் நீரை ஒருநாள் திறந்த வாளியில் வைத்த பின் ஊற்றுங்கள். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

5. சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவு மட்டும் உணவிடுங்கள். எஞ்சும் உணவும் அமோனியாவாகவே முடியும்.

6. வளர்க்க இயலாது போனால் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுங்கள். ஓடையில் விடாதீர்கள்.

நாம் தொடங்கிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தொட்டியின் அளவு மீனின் வளர்ச்சியைப் பாதிக்கிறது. அது மீனின் இனத்துக்குரிய பருமனை மாற்றுவதில்லை. கழிவு, ஒட்சிசன், வெப்பநிலை, தகைப்பு ஆகியவற்றின் வழியாக மீன் அந்தப் பருமனை அடையவிடாமல் தடுக்கிறது. நீரை அடிக்கடி மாற்றி வளர்ச்சியை ஓரளவு காக்க முடிந்தாலும், நீந்தவும் ஒளிவதற்கும் கூட்டமாகத் திரிவதற்கும் வேண்டிய இடத்தை நீர் மாற்றுவதால் கொடுக்க முடியாது. அடுத்த பெருநாளைக்குத் தம்பியோ தங்கையோ மீன் கேட்டு அடம்பிடித்தால், கடைக்குப் போவதற்கு முன் அவர்களை அருகில் இருத்தி, அந்த மீன் எவ்வளவு பெரிதாகும் என்பதை ஓர் அடிமட்டத்தால் மேசையில் அளந்து காட்டுங்கள். பிறகு கிண்ணத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எதை வாங்க வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.